பெயர் மட்டும் அபாச்சி

நம் சங்கீதத்தில் ஒரு சௌகரியம் உண்டு. கீர்த்தனத்துக்குத் தனியே பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. பல்லவியின் முதற் சொற்களே பெயராகிவிடும். ராகத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் விலாசம் பூர்த்தியாயிற்று. சாகித்தியமே இல்லாத வாத்திய இசைக்குப் பெயர் வைக்கப் புகுகிற மேல்நாட்டாருக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. முதற் சொல் என்று ஒன்று இருந்தால் அல்லவா? ஆகையால் ஊரின் பெயரோ, ஆற்றின் பெயரோ, காதலியின் பெயரோ, எதையாவது வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். ஒட்டிய பெயருக்கும் உள்ளே இருக்கும் ஸ்வரங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

நாம் கேட்கும்படி நேர்ந்தது. நம் பள்ளிக்கூடத்தில் கிதார் பழகும் மாணவன் ஒருவன், ஆண்டு விழாவுக்கு முந்தின வாரம் ஒரு மாலை நேரத்தில் காலி வகுப்பறையில் உட்கார்ந்து ஒரு மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தான். கம்பீரமான மெட்டு, கொஞ்சம் சோகமும் கலந்தது. தூரத்தில் குதிரைகள் வருவது போன்ற ஒரு தாளம்.

"இது என்ன பாட்டு?" என்று கேட்டோம்.

"அபாச்சி, ஸார்."

"அபாச்சி என்றால்?"

"பாட்டோட பேர், ஸார்."

யாழ்ப்பாணத்து வாசகர்கள் இந்தப் பெயரைக் கேட்டால் தகப்பனாரைப் பெற்ற பாட்டியை நினைத்துக்கொள்வார்கள். அந்த அப்பாச்சிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அபாச்சி என்பது அமெரிக்காவின் பூர்வகுடிகளில் ஒரு சமூகத்தாரின் பெயர். இவ்வளவைச் சொல்லிவிட்டுப் பையனிடம் மேதாவி போல நின்றோம். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அதற்கு மேல் நமக்கும் அதிகம் தெரியாது என்பது தெரிந்தது. சரித்திரம் கற்பிக்கிற உத்தியோகத்தில் இருந்துகொண்டு இப்படி இருக்கலாமா என்று புத்தகங்களைத் தேடினோம். தேடியதன் பலனை இந்த வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

மெட்டை அமைத்தவர் ஜெர்ரி லார்டன் என்ற ஆங்கிலேயர். 1934-ல் லண்டனில் பிறந்தவர், பாடகர், பாடல்களும் எழுதுவார். அவர் அரிஸோனாவையும் பார்த்ததில்லை, அபாச்சிகளையும் பார்த்ததில்லை. பார்த்தது ஒரு சினிமா. 1954-ல் ஹாலிவுட்டில் ராபர்ட் ஆல்ட்ரிச் டைரக்ட் செய்த 'அபாச்சி' என்ற படத்தில், பர்ட் லாங்காஸ்டர் என்ற பிரபல நடிகர் உடம்பெல்லாம் மாநிறச் சாயம் பூசிக்கொண்டு, தம் நீலக் கண்களை மட்டும் மாற்ற வழியில்லாமல், மாஸாய் என்னும் அபாச்சி வீரனாக வேஷம் கட்டினார். அந்தப் படத்தின் நினைவில் பிறந்தது இந்த மெட்டு.

லார்டன் தம் மெட்டை முதலில் பெர்ட் வீடன் என்பவரிடம் கொடுத்தார். வீடன் அக்காலத்தில் இங்கிலாந்தில் கிதாருக்கே வாத்தியார். 'ஒரே நாளில் வாசிக்கலாம்' என்ற பொருளில் தலைப்பிட்டு 1957-ல் அவர் வெளியிட்ட பாடப் புத்தகத்தைப் பார்த்துக் கிதார் பழகாத ஆங்கிலச் சிறுவர்களே அந்தத் தலைமுறையில் அபூர்வம். (ஒரே நாளில் எதையும் கற்பித்துவிடலாம் என்று சொல்கிறவர்களிடம் நமக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு, அது தொழில் பொறாமையாகவும் இருக்கலாம்.) வீடன் இசைத்தட்டுக்கு வாசித்தும் கொடுத்தார். ஆனால் தட்டு உடனே வெளியாகவில்லை. லார்டனுக்கும் அந்த வாசிப்பில் திருப்தி ஏற்படவில்லை. அவர் மனத்தில் இருந்த வீரம் அதில் வரவில்லை.

1960-ல் ஒரு கச்சேரிச் சுற்றுப்பயணத்தில் லார்டனோடு நான்கு இளைஞர்கள் பிரயாணம் செய்தார்கள். 'ஷாடோஸ்', அதாவது நிழல்கள், என்பது அவர்கள் கோஷ்டியின் பெயர். பெயருக்கு ஏற்ப, கிளிஃப் ரிச்சர்ட் என்ற பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதுதான் அவர்கள் வேலை. தனியாக அவர்கள் வெளியிட்ட தட்டுகள் போணியாகவில்லை. லார்டன் ஒரு சின்ன யூகுலேலியை எடுத்து மெட்டை வாசித்துக் காட்டினார். யூகுலேலி என்பது நாலே தந்திகள் உள்ள குட்டி வாத்தியம். அதில் எந்த வீரரசம் வரும்? இருந்தும் பையன்களுக்குப் பிடித்துவிட்டது.

பையன்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறோம். அந்த ஜூன் மாதத்தில் லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் இதைப் பதிவு செய்தபோது, பிரதான கிதார் வாசித்த ஹாங்க் மார்வினுக்கும் துணைக் கிதார் வாசித்த புரூஸ் வெல்ச்சுக்கும் வயது 18. டிரம் வாசித்த டோனி மீஹனுக்கு 17. பேஸ் கிதார் வாசித்த ஜெட் ஹாரிஸ்தான் கிழவர், அவருக்கு 20. அவர்கள் எஜமானர் கிளிஃப் ரிச்சர்டும் அன்று ஸ்டூடியோவில் இருந்தார். சும்மா இருப்பானேன் என்று ஒரு சீன முரசை எடுத்துக்கொண்டார். தொடக்கத்திலும் முடிவிலும் கேட்கும் அந்தக் கனத்த முரசொலி அவர் தட்டியது. இந்த கிளிஃப் ரிச்சர்ட் 1940-ல் நம் லக்னோவில் பிறந்தவர். 1948-ல் குடும்பத்தோடு இங்கிலாந்து போனவர். அவ்வளவில் இந்த மெட்டின் கதையில் நம் தேசத்துக்கும் ஒரு முரசடி உண்டு.

மார்வின் கையில் இருந்த கிதாரின் கதை தனிக் கதை. யுத்தத்துக்குப் பிறகு பல வருஷங்கள் அமெரிக்க வாத்தியங்கள் பிரிட்டனில் எளிதில் இறக்குமதி ஆகவில்லை. தமக்குப் பிடித்த ஓர் அமெரிக்கக் கிதார்க்காரர் ஃபெண்டர் கம்பெனியின் வாத்தியத்தை வாசிக்கிறார் என்பது மட்டும் மார்வினுக்குத் தெரியும். எந்த ரகம் என்பது தெரியாது. அவ்வளவு நன்றாக வாசிக்கிறவர் உயர்ந்த ரகத்தைத்தான் வைத்திருப்பார் என்று ஊகித்து, விலைப் பட்டியலில் அப்படித் தோன்றிய 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' என்பதை 1959-ல் கிளிஃப் ரிச்சர்ட் மூலம் தருவித்தார்கள். உண்மையில் அந்த அமெரிக்கர் வாசித்தது வேறு ரகம்! ஆனால் தவறாக வந்த சிவப்புக் கிதாரில் ஒரு சிறிய உலோகக் கைப்பிடி இருந்தது. அதை லேசாக அசைத்தால் தந்திகளின் இறுக்கம் மாறி ஸ்வரம் நடுங்கும். நம் வீணையில் தந்தியை இழுத்துப் பெறும் அசைவைப் போன்றதல்ல. அதற்கு ஏழை உறவு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இரண்டாவது, எதிரொலிப் பெட்டி. இத்தாலியில் செய்தது. வாசித்த ஒலியைக் காந்தப் பரப்பில் பதித்து, ஒரு கணம் தாழ்த்திப் பல முறை திருப்பிச் சொல்லும் யந்திரம். ஜோ பிரௌன் என்ற இன்னொரு பாடகர் அதை வாங்கி, தமக்கு உதவாது என்று மார்வினிடம் தள்ளிவிட்டார். ஒருவருக்கு வேண்டாத பெட்டியும், தவறுதலாக வந்த கிதாரும் சேர்ந்து, பரந்த பாலைநிலத்தில் தனியாக ஒருவன் நிற்பது போன்ற அந்த ஒலியைத் தந்தன. லார்டன் சினிமாக் கொட்டகையில் உணர்ந்தது அப்போதுதான் தட்டில் ஏறியது.

கம்பெனியின் தயாரிப்பாளர் நோரி பாராமோருக்கு இதில் நம்பிக்கை இல்லை. தட்டின் மறுபக்கத்தில் இருந்த பழைய பட்டாளத்துப் பாட்டின் மெட்டைத்தான் முதன்மையாக வெளியிட எண்ணினார். அவருடைய மகள் இரண்டையும் கேட்டுவிட்டு 'அபாச்சி'யைத் தேர்ந்தெடுத்தாள். தகப்பனார் கீழ்ப்படிந்தார். ஜூலையில் தட்டு வெளியாயிற்று. ஆகஸ்டு 25-ந் தேதி விற்பனையில் முதலிடத்தைப் பிடித்து ஐந்து வாரம் அங்கேயே இருந்தது. அந்த இடத்திலிருந்து அது கீழே தள்ளியது எதை என்றால், கிளிஃப் ரிச்சர்டின் பாட்டை; அதற்குப் பக்கவாத்தியமும் இதே ஷாடோஸ்தான்! நிழல் ஆளை முந்திக்கொண்டது. வீடனின் தட்டையும் அவருடைய கம்பெனி அவசரமாக வெளியிட்டது. அது 24-ம் இடம் வரை வந்தது.

அமெரிக்காவில் ஷாடோஸின் தட்டு எடுபடவில்லை. ஆனால் மெட்டு எடுபட்டது. யார்கன் இங்மன் என்ற டென்மார்க் தேசத்துக் கிதார் வித்வான் தனி ஒருவராகவே பல கிதார்ப் பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, அம்பு விர்ரென்று பாய்வது போன்ற வேடிக்கை ஒலிகளையும் சேர்த்து ஒரு தட்டு செய்தார். 1961-ல் அது அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை ஏறியது. ஆக, அபாச்சிகளைக் காணாத லண்டன்காரர் அமைத்ததை, டென்மார்க்காரர் வாசிக்க, அபாச்சிகளின் நிலத்தில் குடியேறிய ஜனங்கள் விலை கொடுத்து வாங்கினார்கள்.

இங்கே கதை முடிந்திருக்கலாம். பன்னிரண்டு வருஷம் சென்றபின் இன்னொரு கிளை முளைத்தது. மைக்கேல் வைனர் என்ற சினிமாக் கம்பெனி உத்தியோகஸ்தர் தேர்ந்த வாத்தியக்காரர்களைக் கூலிக்கு அமர்த்தி, 'இன்க்ரெடிபிள் பாங்கோ பாண்ட்' என்ற பெயரில் 1973-ல் ஒரு நெடுந்தட்டு வெளியிட்டார். அதில் 'அபாச்சி'யும் உண்டு. மெட்டு பெயருக்குத்தான். ஜிம் கார்டனின் டிரம்மும், பஹாமாத் தீவுகளிலிருந்து வந்த கிங் எரிஸனின் கைமுரசுகளும் நடுவில் வெகு நேரம் தனியே பேசிக்கொள்கின்றன. நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வந்ததும் சிலர் காபி சாப்பிட எழுந்து போவது வழக்கம். நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதி இளைஞர்கள் நேர்மாறானவர்கள். அவர்கள் அதுவரை சுவரோரம் காத்திருந்து, தனி ஆவர்த்தனம் வந்ததும் ஆட எழுந்தார்கள்.

இதைக் கண்டுகொண்டவர் ஜமைக்காவில் பிறந்து சிறுவனாக அங்கே வந்து சேர்ந்த கிளைவ் காம்பெல். 'கூல் ஹெர்க்' என்று பிரசித்தி பெற்றவர். 1973 ஆகஸ்டு 11-ந் தேதி, ஸெட்ஜ்விக் அவென்யூ 1520-ம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக் கூடத்தில் அவரும் தங்கையும் ஒரு நடன விருந்து நடத்தினார்கள். பள்ளிக்கூடம் திறக்கு முன் தங்கைக்குப் புதுத் துணி வாங்கப் பணம் சேர்ப்பதே நோக்கம். வறுமை சூழ்ந்த பகுதி. நடுவே பெருஞ்சாலை போட்டுக் குடியிருப்புகளைப் பிளந்திருந்தார்கள். வாத்தியம் வாங்க வழியில்லாத இடத்தில் இசைத்தட்டே வாத்தியமாயிற்று. ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு யந்திரங்களில் வைத்து, ஒன்றில் முரசுப் பகுதி முடியும் தறுவாயில் மற்றதில் தொடங்கி, மாற்றி மாற்றி ஓட்டி, சில விநாடித் தனி ஆவர்த்தனத்தை வேண்டிய நேரம் நீட்டும் வித்தையை ஹெர்க் செய்து காட்டினார். இந்த வித்தைக்கு அகப்பட்ட தட்டுகளில் தலைசிறந்தது பாங்கோ கோஷ்டியின் 'அபாச்சி'. அதன் மேல்தான் ஹிப்-ஹாப் என்னும் இசையின் அஸ்திவாரத்தில் ஒரு பெரிய பகுதி எழுந்தது. ஹெர்க் அதை ஹிப்-ஹாப்பின் தேசிய கீதம் என்றே அழைத்தார்.

ஹெர்க்கிடம் ஒரு பழக்கம் இருந்தது. போட்டிக்காரர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளாதபடி, தட்டுகளின் நடுவில் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டை நீரில் ஊறவைத்து உரித்துவிடுவார். வியாபார தந்திரம்தான். ஆனாலும், ஒட்டிய பெயர் ஊறி உதிர்ந்த பிறகும் முரசு முரசாகவே ஒலித்தது என்பதை நாம் கவனித்தோம். அந்த ஆட்டக்காரர்களுக்கு அபாச்சி வேண்டியிருக்கவில்லை. பின்னர் 1981-ல் ஷுகர்ஹில் காங் என்ற கோஷ்டி இதே முரசின் மேல் சொற்களைப் பொருத்திப் பாடியபோது பெயர் திரும்பி வந்தது. கூடவே பழைய கௌபாய்க் கதைகளின் கோமாளித்தனமும் வந்தது. ஆட்டத்துக்கு நல்ல தட்டு. பெயருக்கு உரியவர்கள் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்பது வேறு விஷயம்.

அந்தப் பெயருக்கு உரியவர்கள் யார்? இப்போதைய அரிஸோனா, நியூ மெக்ஸிகோ மாகாணங்களிலும் அடுத்த மெக்ஸிகோவின் வட பகுதியிலும் வாழ்ந்த மக்கள். அபாச்சி என்பது அயலார் இட்ட பெயர். அவர்கள் மொழியில் தங்களை 'இந்தே' என்பார்கள். மக்கள் என்று பொருள். பெரிய பெயராக 'இந்தியர்' என்றும் அவர்களை அழைத்தார்கள். கொலம்பஸ் வழி தவறியதன் பலனாக நம் பெயரை அவர்கள் சுமக்க நேர்ந்தது.

அவர்களில் சிரிகாவா பிரிவினர் கடைசி வரை எதிர்த்துப் போரிட்டார்கள். ஜெரோனிமோவையும் அவருடன் இருந்த சில பத்துப் பேரையும் பிடிக்க அமெரிக்க ராணுவம் ஐயாயிரம் சிப்பாய்களை அனுப்பியது. 1886 ஸெப்டம்பரில் அவர் சரணடைந்தார். உடனே சிரிகாவா மக்கள் முழுவதையும், சண்டை போட்டவர், போடாதவர், அமெரிக்க ராணுவத்துக்கே வழிகாட்டிகளாக ஊழியம் செய்தவர் என்ற பேதமில்லாமல், ரயிலில் ஏற்றி ப்ளாரிடாவுக்குக் கைதிகளாகக் கொண்டுபோனார்கள். அந்த ரயில் ஒன்றிலிருந்து மிஸௌரியில் குதித்துத் தப்பி, ஆயிரம் மைலுக்கு மேல் நடந்தே ஊர் திரும்பியவன்தான் உண்மையான மாஸாய். சினிமாவின் முடிவில் அவன் சுடப்பட்டு இறப்பதாகவே முதலில் எழுதியிருந்தார்கள். ஜனங்கள் விரும்பமாட்டார்கள் என்று அஞ்சிக் கம்பெனி முடிவை மங்களகரமாக மாற்றிவிட்டது. அவனுடைய ஜனங்களுக்கு மங்களம் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. ப்ளாரிடாவிலிருந்து அலபாமா, அங்கிருந்து 1894-ல் ஓக்லஹோமாவின் போர்ட் ஸில் என்று மாற்றி மாற்றி, 1913 வரை 27 வருஷம் யுத்தக் கைதிகளாகவே வைத்திருந்தார்கள். ஜெரோனிமோ 1909-ல் கைதியாகவே மாண்டார்.

நம்மைத் தூங்கவிடாமல் செய்தது இன்னொரு விவரம். கைதிகளின் பிள்ளைகளில் பலரைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, பென்ஸில்வேனியாவில் கார்லைல் என்ற ஊரில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பூர்வகுடிக் குழந்தைகளுக்காக 1879-ல் ஏற்பட்ட பள்ளி அது. போனதும் தலைமயிரைக் கத்தரிப்பார்கள். தாய்மொழி பேசக்கூடாது. பலர் க்ஷயரோகத்தில் இறந்தார்கள். அந்தப் பள்ளியின் முதல் மாணவர்களில் ஒருவரான லூதர் ஸ்டாண்டிங் பேர் (அவர் லகோட்டா வகுப்பைச் சேர்ந்தவர்) பெரியவரான பின் எழுதிய நூலில் தமக்குப் பெயர் வைத்த நாளைச் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் கரும்பலகை நிறைய ஏதோ கோடுகள் எழுதினார். ஒவ்வொரு பையனாகக் கூப்பிட்டு, கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, ஒன்றைத் தொடச் சொன்னார். எழுத்தறியாத பையன் தொட்டது எதுவோ, அதுவே அவன் பெயர். அதைச் சீட்டில் எழுதிச் சட்டையில் தைத்தார்கள்.

தினமும் காலையில் கரும்பலகையில் எழுதியும், வருகைப் பதிவேட்டிலிருந்து பெயர்களைக் கூப்பிட்டும் ஜீவனம் செய்கிறவர்கள் நாம். மறுநாள் முதல் பிரிவேளையில் பெயர் கூப்பிட்டபோது குரல் சற்றுத் தடுமாறியது என்பதை மறைப்பானேன்?

கிதார்ப் பையனிடம் இதையெல்லாம் சொன்னோம். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ இதை வாசிக்கக்கூடாதா, ஸார்?" என்று கேட்டான். வாசிக்கக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. லார்டன் யாரையும் ஏமாற்றவில்லை; ஒரு வீரனைத் திரையில் கண்டு மனம் கனிந்து ஒரு நல்ல மெட்டை அமைத்தார். ஷாடோஸுக்காக 'ஒண்டர்புல் லாண்ட்' என்று அவர் அமைத்த இன்னொரு மெட்டு 1962-ல் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. அது எந்த நாட்டைப் பற்றியது என்று யாருக்கும் சண்டையில்லை. 'அபாச்சி'யில் அபாச்சிகளின் இசை ஒரு ஸ்வரமும் இல்லை என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வாசி என்றோம்.

"அவங்க இசை எப்படி இருக்கும், ஸார்?" என்றான் அடுத்தபடியாக. நல்ல கேள்வி.

அவர்களுக்கு முரசும் பாட்டும் உண்டு. தந்தி வாத்தியமும் உண்டு. நம் பக்கத்தில் வேலியோரம் வளரும் ஆனைக்கற்றாழையின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடி அங்கே பாலைநிலத்தில் உண்டு. அது பூக்கும்போது நெடுந்தண்டு ஒன்று கிளம்பும். அந்தத் தண்டைக் காயவைத்து, உட்சோற்றை நீக்கித் துளைகள் இட்டு, குதிரைவாலின் மயிரைத் தந்தியாகக் கட்டி, அதே மயிரால் ஆன வில்லால் இழைப்பார்கள். தந்தி ஒன்று அல்லது இரண்டு. வாத்தியத்தின் மேல் சித்திரம் தீட்டுவதும் உண்டு. அதற்கு அவர்கள் மொழியில் உள்ள பெயருக்கு 'பாடும் மரம்' என்று அர்த்தம். ஸான் கார்லோஸ் பகுதியைச் சேர்ந்த செஸ்லி கோஸெயன் வில்ஸன் இதைச் செய்வதிலும் வாசிப்பதிலும் தேர்ந்தவர். 1989-ல் அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய மரபுக் கலைஞர் விருது அவருக்குக் கிடைத்தது.

ஆண்டு விழாவில் பையன் 'அபாச்சி'யை நன்றாகவே வாசித்தான். தொடங்குமுன் பெயருக்கு விளக்கம் சொல்கிறேன் என்று ஒலிபெருக்கியின் முன் நின்று, இரண்டு நிமிஷத்துக்கு ஒப்புக்கொண்டவன் ஏழு நிமிஷம் பேசினான். தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்தார். நாம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.